மூன்றரைக் கட்டை ஏன் இல்லை: கிட்டார் கற்பவர்களுக்கு ஸ்கேலும் சுருதியும்

திருநெல்வேலிப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிக்கிறேன். கச்சேரி இல்லாத நாட்களில் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருவதில்லை. பத்துப் பதினைந்து கார்ட், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, பிடிக்கத் தெரிந்திருக்கும். ஒரு ஸ்கேல் (ஸ்வர வரிசை) வாசித்துக் காட்டு என்றால் ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளில் ஐந்தாவது) கையை வைத்து, தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை சரசரவென்று ஏறி இறங்குவார்கள். விரல் சுத்தமாக இருக்கும். "இப்போது வாசித்ததில் ச எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இசைக் கோட்பாட்டின் அடித்தளம். ச எங்கே, மற்ற ஸ்வரங்கள் அதிலிருந்து எத்தனை ஃப்ரெட் தள்ளி நிற்கின்றன என்று தெரிந்துவிட்டால் ஸ்கேல், கார்ட், கேப்போ (சுருதியை உயர்த்தக் கழுத்தில் மாட்டும் கவ்வி) எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன. ச ரி க ம காதில் விழுந்து வளர்ந்த நமக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஆங்கிலப் பாடத்தைப் பார்த்து மிரளுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுவேன்.

கட்டைக் கணக்கில் தொடங்குங்கள்

ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுகிறோம். ஒன்று என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மேடையில் பாடகர் யாரும் "மூன்றரைக் கட்டையில் பாடுகிறேன்" என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஏழரையும் கிடையாது. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும், ஏழுக்கும் அடுத்த ஒன்றுக்கும் நடுவிலும் கறுப்புக் கட்டையே இல்லை.

கிட்டாரின் கழுத்து முழுவதையும் இந்த ஒரு கணக்கை வைத்துப் படித்துவிடலாம். ஈ-யிலிருந்து எஃப்புக்கு ஒரு ஃப்ரெட், பி-யிலிருந்து சி-க்கு ஒரு ஃப்ரெட், மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு ஃப்ரெட். ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டினால் ஈ, அதாவது மூன்று கட்டை. முதல் ஃப்ரெட்டில் நான்கு கட்டை, இரண்டாவதில் நாலரை, மூன்றாவதில் ஐந்து. இப்படியே போனால் ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆறு கட்டை, ஏழாவதில் ஏழு, எட்டாவதில் ஒன்று, பத்தாவதில் இரண்டு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் மறுபடியும் மூன்று கட்டை வந்து நிற்கும். அங்கே தந்தியின் நீளம் சரிபாதி ஆகிறது, அதனால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் கேட்கிறது. 650 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் அந்த ஃப்ரெட் 325 மில்லிமீட்டரில் இருப்பதை அளவுகோல் வைத்துப் பார்க்கலாம்.

ஐந்தாம் தந்திக்கும் இதையே செய்யுங்கள். திறந்த தந்தி ஏ, இரண்டாவது ஃப்ரெட் பி, மூன்றாவது சி, ஐந்தாவது டி, ஏழாவது ஈ, எட்டாவது எஃப், பத்தாவது ஜி. இந்த இரண்டு தந்திகளும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடமாக வேண்டும். மற்றவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆறாம் தந்தியில் ஒரு ஸ்வரம் தெரிந்தால், நான்காம் தந்தியில் இரண்டு ஃப்ரெட் தள்ளி அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் இருக்கும். ஐந்தாம் தந்திக்கும் மூன்றாம் தந்திக்கும் அதே உறவு. நான்கிலிருந்து இரண்டுக்கும், மூன்றிலிருந்து ஒன்றுக்கும் போகும்போது மட்டும் மூன்று ஃப்ரெட் தள்ள வேண்டும்.

ஏன் அந்த ஒரு ஃப்ரெட் வித்தியாசம் என்று நல்ல மாணவர்கள் கேட்பார்கள். சுருதி சேர்க்கும்போதே அது வந்துவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துத் தந்திகளை ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒத்துப் பார்த்துச் சேர்க்கிறோம். மூன்றாம் தந்தியை வைத்து இரண்டாம் தந்தியைச் சேர்க்கும்போது மட்டும் நான்காவது ஃப்ரெட். எல்லாத் தந்தியும் ஐந்தாகவே இருந்தால் மெல்லிய தந்தி எஃப்பில் போய் நிற்கும், தடித்த தந்தி ஈ-யில் இருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து ஒலித்தால் நெருடும், நமக்குப் பழக்கமான திறந்த கார்ட்கள் பல கைக்கு எட்டாமல் போகும். கார்ட் பிடிக்க வசதியாக ஒரு இடத்தில் ஒரு ஃப்ரெட்டைக் குறைத்திருக்கிறார்கள். இது புரிந்தபின், ஸ்கேல் வாசிக்கும்போது இரண்டாம் தந்திக்கு வந்ததும் விரல் அமைப்பு ஏன் ஒரு ஃப்ரெட் நகர்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே தந்தியில் ஸ்கேல்

பெட்டி வடிவங்களை, அதாவது நான்கைந்து ஃப்ரெட்டுக்குள் ஆறு தந்தியிலும் பரப்பிய ஸ்கேல் படங்களை, நான் முதலில் கொடுப்பதில்லை. அவை விரலுக்கு வசதி, ஆனால் தூரத்தை மறைத்துவிடும். தந்தி மாறும்போது எத்தனை ஃப்ரெட் தாண்டினோம் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரே தந்தியில் வாசித்தால் ஒவ்வொரு இடைவெளியும் விரலில் தெரியும்.

இரண்டாம் தந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஃப்ரெட் சி. அதை ச என்று வைத்துக்கொண்டு இப்படி ஏறுங்கள்: 1, 3, 5, 6, 8, 10, 12, 13. அதுதான் சி மேஜர் ஸ்கேல். இடைவெளிகள் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று. நம் கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள், எழுபத்திரண்டு தாய் ராகங்களில் இருபத்தொன்பதாவது மேளம். ராகம் என்று சொன்னால் கமகமும் (ஸ்வரத்தை அசைப்பது) பிடிகளும் (ராகத்தின் அடையாளத் தொடர்கள்) சேர்ந்ததுதான் ராகம் என்பதை மறக்க வேண்டாம். இங்கே எடுத்துக்கொள்வது அதன் ஸ்வரஸ்தானங்களை மட்டும். ஸ்கேல் என்பதற்கு அது போதும்.

இனி ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃப்ரெட்டை மாற்றுங்கள். ஆறாவது ஃப்ரெட்டில் இருக்கும் ம-வை ஏழுக்குத் தள்ளினால் கல்யாணி, மேற்கத்தியப் பெயர் லிடியன். ஒரே ஸ்வரம் மாறியிருக்கிறது, ஆனால் அறையின் வெளிச்சமே மாறியதுபோல் இருக்கும். ம-வைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டில் இருக்கும் நி-யைப் பதினொன்றுக்கு இறக்கினால் ஹரிகாம்போதி, அதாவது மிக்ஸோலிடியன். அதோடு க-வை ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கினால் கரகரப்பிரியா, டோரியன். அதோடு த-வைப் பத்திலிருந்து ஒன்பதுக்கு இறக்கினால் நடபைரவி, நேச்சுரல் மைனர். அதோடு ரி-யையும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் தோடி, ப்ரிஜியன். கிட்டார் புத்தகங்களில் மோட் என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக வரும் விஷயம் இவ்வளவுதான், ஒரே தந்தியில் கால் மணி நேரத்தில் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

வாசிக்கும்போது பாடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை, சுருதியில் இருந்தால் போதும். முதலில் தந்தியை மீட்டிவிட்டு அந்த ஸ்வரத்தைப் பாடுங்கள். சில நாள் கழித்து வரிசையை மாற்றுங்கள்: ச-வை மட்டும் மீட்டி, க-வைப் பாடி, அதன்பின் ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டிச் சரிபாருங்கள். வாயில் வராத ஸ்வரம் விரலில் வந்தாலும், அது மனப்பாடமான அசைவு மட்டுமே. மேடையில் ஒரு இடைவெளி கிடைத்து இரண்டு வரி சொந்தமாக வாசிக்கச் சொன்னால், பாடிப் பழகியவருக்கு அடுத்த ஸ்வரம் காதில் முன்னாலேயே கேட்கும். மற்றவர் பெட்டியை மேலும் கீழும் ஓடுவார்.

ஜண்டை வரிசை தெரிந்தவர்கள் சச ரிரி கக மம என்று அதே தந்தியில் வாசிக்கலாம். அதன்பின் ஒன்று விட்டு ஒன்று: ச க, ரி ம, க ப, ம த. இந்த இரண்டாவது பயிற்சி அடுத்த பாடத்துக்கு நேராகக் கொண்டுபோய் விடும்.

கார்ட் எங்கிருந்து வருகிறது

ச-விலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக மூன்று ஸ்வரம் எடுங்கள்: ச க ப. அதுதான் சி மேஜர் கார்ட். நீங்கள் முதல் மாதத்திலேயே பிடித்துப் பழகிய சி கார்டைப் பிடித்து, ஐந்தாம் தந்தியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஐந்தாம் தந்தியில் ச, நான்கில் க, மூன்றில் ப, இரண்டில் மேல் ச, ஒன்றில் மேல் க. ஐந்து தந்தி ஒலிக்கிறது, இருப்பதோ மூன்றே ஸ்வரம்.

இப்போது ஏ மைனருக்கு மாறுங்கள். ஆள்காட்டி விரலும் நடு விரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிர விரல் மட்டும் ஐந்தாம் தந்தியிலிருந்து எழுந்து மூன்றாம் தந்தியின் இரண்டாவது ஃப்ரெட்டுக்குப் போகிறது. அங்கே ப இருந்த இடத்தில் த வந்துவிட்டது. ச-வும் க-வும் அப்படியே இருக்கின்றன. த ச க, அதுதான் ஏ மைனர். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போவது காதுக்கு ஏன் இவ்வளவு இதமாக இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம், மூன்றில் இரண்டு ஸ்வரம் பொதுவானது.

இதேபோல் ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரு கார்ட் கட்டலாம். ச க ப, ரி ம த, க ப நி, ம த ச, ப நி ரி, த ச க, நி ரி ம. முதல் ஸ்வரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நான்கு ஃப்ரெட் இருந்தால் மேஜர், மூன்று இருந்தால் மைனர். எண்ணிப் பாருங்கள்: ச, ம, ப மூன்றும் மேஜர். ரி, க, த மூன்றும் மைனர். நி மட்டும் மூன்றும் மூன்றுமாக அமைந்து டிமினிஷ்ட் ஆகிறது. சி ஸ்கேலில் இவை சி, டி மைனர், ஈ மைனர், எஃப், ஜி, ஏ மைனர், பி டிமினிஷ்ட். ஜி ஸ்கேலுக்குப் போனால் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, ஈ மைனர், எஃப் ஷார்ப் டிமினிஷ்ட் (ஷார்ப் என்றால் ஒரு ஃப்ரெட் மேலே). பெயர்கள் மாறினாலும் மேஜர், மைனர் வரிசை மாறாது.

ஆகவே ஒரு பாட்டின் கார்டுகளைப் பெயராக எழுதாதீர்கள், ஸ்வரமாக எழுதுங்கள். "ஜி, ஈ மைனர், சி, டி" என்று எழுதுகிற இடத்தில் "ச, த, ம, ப" என்று எழுதுங்கள். இதன் பயன் மேடையில்தான் தெரியும்.

கோயில் கொடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த பாட்டு அறிவிப்பு முடிந்துவிட்டது. பாடகர் ஒலிவாங்கியை மூடிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "அண்ணே, தொண்டை கட்டியிருக்கிறது, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்றார். கீபோர்டு வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்தினார், அவர் வேலை முடிந்தது. கிட்டாரில் அந்தப் பொத்தான் இல்லை. ஐந்து கட்டையில் இருந்த பாட்டு நாலரைக்கு வந்துவிட்டது, ஜி எஃப் ஷார்ப் ஆகிவிட்டது. திறந்த தந்திக் கார்ட் ஒன்றுகூட அந்த இடத்தில் உதவாது. ச, த, ம, ப என்று பாட்டை மனதில் வைத்திருந்ததால் கேப்போவை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டி, ஈ, சி ஷார்ப் மைனர், ஏ, பி வடிவங்களைப் பிடித்தேன். தவில்காரர் எண்ணிக்கை முடிவதற்குள் கை தயாராக இருந்தது.

கேப்போவை நான்காவது ஃப்ரெட்டில் மாட்டி டி, பி மைனர், ஜி, ஏ வடிவங்களைப் பிடித்தாலும் அதே நாலரைக் கட்டைதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது ருசியைப் பொறுத்தது. கீபோர்டு கீழ் ஸ்தாயியில் அடர்த்தியாக ஒலிக்கும்போது நான்காவது ஃப்ரெட்டையே விரும்புவேன், கிட்டார் தனியாகக் கேட்கும். ஒரே குரலுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கும்போது இரண்டாவது ஃப்ரெட் கனமாக இருக்கும். கேப்போ கையில் இல்லாவிட்டால், ஒரே விரலால் தந்திகளைக் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் பாரே கார்ட் இருக்கிறது. ஆறாம் தந்தியில் நாலரைக் கட்டை இரண்டாவது ஃப்ரெட்டில் இருப்பது மனப்பாடமாகத் தெரியும் அல்லவா, அங்கே ஈ வடிவ பாரேயைப் போட்டால் எஃப் ஷார்ப்.

ஒரு பெட்டியில் ஐந்து ராகம்

இனிப் பெட்டி வடிவத்துக்கு வரலாம். முன்பு சொன்ன, பிள்ளைகள் சரசரவென்று ஓடும் அந்த ஐந்தாவது ஃப்ரெட் பெட்டி ஏ மைனர் பென்டடானிக். ஆறாம் தந்தியில் 5, 8. ஐந்தில் 5, 7. நான்கில் 5, 7. மூன்றில் 5, 7. இரண்டில் 5, 8. ஒன்றில் 5, 8. அதில் இருப்பவை ஏ, சி, டி, ஈ, ஜி என்ற ஐந்து ஸ்வரம். கிட்டார் கற்பவர்கள் பலருக்கும் இதைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். இதைப்போல் விஷயமுள்ள பயிற்சியை நான் வேறு கண்டதில்லை. ஆனால் பலரும் இதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மேல் மூன்று தந்திகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தந்தி 5, 7. இரண்டாம் தந்தி 5, 8. முதல் தந்தி 5, 8. ஆறே ஸ்வரம்: சி, டி, ஈ, ஜி, ஏ, மேல் சி. இதை வாசிக்கும்போது கட்டை விரலால் ஐந்தாம் தந்தியைத் திறந்தபடி நிதானமாக மீட்டிக்கொண்டே இருங்கள். அடியில் ஏ ஒலிக்கிறது, ஆறு கட்டை சுருதி. மேலே கேட்பது சுத்த தன்யாசி. ப்ளூஸ் வாசிக்கும் அமெரிக்கக் கலைஞர்களின் அடிப்படை வரிசையும் இதுவே. அவர்கள் மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் பிரதி மத்திமத்தை அழகுக்காகச் சேர்த்துக்கொள்வார்கள்.

விரலை மாற்ற வேண்டாம். கட்டை விரலை மட்டும் நான்காம் தந்திக்கு நகர்த்துங்கள். அடியில் டி ஒலிக்கிறது. அதே ஆறு ஸ்வரம், அதே ஃப்ரெட்டுகள். டி-யில் வந்து நின்று பாருங்கள். மத்தியமாவதி! கட்டை விரலை ஆறாம் தந்திக்குக் கொண்டுபோய் ஈ-யை மீட்டி, மேலே இரண்டாம் தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் வந்து நில்லுங்கள். ஹிந்தோளம். இது காதில் விழும் நொடியில் மாணவர்கள் முகத்தை நான் கவனிப்பேன். பஞ்சமம் காணாமல் போய்விட்டதை யாரும் சொல்லாமலே உணர்கிறார்கள்.

மற்ற இரண்டுக்கும் சுருதிப் பெட்டி வேண்டும், கைப்பேசியில் தம்புரா செயலி இருந்தாலும் சரி. ஐந்து கட்டையில் வைத்து ஜி-யில் வந்து நின்றால் சுத்த சாவேரி. ஒரு கட்டையில் வைத்து, மூன்றாம் தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் தொடங்கி நேராக ஏறினால் ச ரி க ப த ச, மோகனம். மேற்கத்தியக் கணக்கில் அது சி மேஜர் பென்டடானிக். வித்வான்கள் கிரக பேதம் என்று வாய்ப்பாட்டில் செய்து காட்டுவதை நீங்கள் கட்டை விரலால் செய்திருக்கிறீர்கள்.

எந்த ஸ்வரத்தில் இளைப்பாறுகிறோம் என்பதே ஸ்கேலைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியாது. கார்ட் வைத்து வாசிக்கும்போதும் இதே விதி. நண்பர் ஒருவர் சி கார்டையே மீட்டிக்கொண்டிருக்க, நீங்கள் இந்தப் பெட்டியை வாசித்தால் மோகனமாகக் கேட்கும். அவர் ஏ மைனருக்குப் போனால் உங்கள் விரல் அசைவு மாறாமலே சுத்த தன்யாசி. ஒவ்வொரு வரியையும் அந்த நேரத்துக் கார்டின் ச-விலோ க-விலோ ப-விலோ கொண்டுவந்து முடியுங்கள். அப்படி முடித்தால் நான்கு ஸ்வரம் வாசித்தாலும் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

தந்தியை இழுத்து ஸ்வரம் உயர்த்துவதையும் இந்தப் பெட்டியிலேயே பழகலாம். மூன்றாம் தந்தியின் ஏழாவது ஃப்ரெட்டில் டி இருக்கிறது. முதலில் இரண்டாம் தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டை மீட்டி ஈ-யைக் காதில் வாங்குங்கள். அதன்பின் மூன்றாம் தந்தியை மோதிர விரலால் அழுத்தி, மற்ற இரண்டு விரல்களும் பின்னால் துணை நிற்க, மேல்நோக்கித் தள்ளுங்கள். அந்த ஈ-யை எட்டும்வரை தள்ளுங்கள், தாண்டக் கூடாது. சுருதி எட்டாத இழுப்பு கேட்பவரை உடனே உறுத்தும். கமகம் கேட்டு வளர்ந்த காது நமக்கு இருக்கிறது, அதை இங்கே பயன்படுத்துங்கள்.

மைனர் பாட்டில் மேஜர் கார்ட் எப்படி வருகிறது

ஏ மைனர் பாட்டுகளில் ஈ கார்ட் பிடித்திருப்பீர்கள். ஏ-யிலிருந்து நேச்சுரல் மைனர் போட்டால் ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. இதில் ஈ-யின் மேல் கார்ட் கட்டினால் ஈ, ஜி, பி, அதாவது ஈ மைனர்தான் வர வேண்டும். ஆனால் பெரும்பாலான பாட்டுகளில் ஈ மேஜர் அல்லது ஈ செவன்த் வருகிறது. ஜி-யை ஜி ஷார்ப் ஆக உயர்த்தியிருக்கிறார்கள். ஜி ஷார்ப்புக்கும் ஏ-வுக்கும் ஒரே ஃப்ரெட் தூரம், அதனால் அந்த நி மேல் ச-வை நோக்கித் தவிக்கும், கார்ட் வீடு திரும்பும் வேகம் கூடும். நி உயர்ந்தவுடன் நடபைரவி கீரவாணி ஆகிவிடுகிறது. மேற்கத்தியப் பெயர் ஹார்மோனிக் மைனர்.

ஐந்தாம் தந்தியில் வாசித்துப் பாருங்கள். 0, 2, 3, 5, 7, 8, 10, 12 என்பது நடபைரவி. பத்தைப் பதினொன்று ஆக்கினால் கீரவாணி. எட்டிலிருந்து பதினொன்றுக்குத் தாவும் அந்த மூன்று ஃப்ரெட் இடைவெளிதான் அதன் அடையாளம். ஈ கார்ட் ஒலிக்கும் நேரத்தில் ஜி-யை விட்டுவிட்டு ஜி ஷார்ப்பைத் தொடுங்கள். ஏ மைனருக்குத் திரும்பியதும் பழைய ஜி-க்கு வாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்கள் வாசிப்பு கார்டோடு பேசத் தொடங்கிவிடும்.

தாளமும் எழுத்தும்

மெட்ரோனோமை அறுபதில் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், அதன்பின் இரண்டு, அதன்பின் நான்கு. முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். மூன்றாம் காலம் தெளிவாக வராதவரை அறுபதைத் தாண்ட வேண்டாம். ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோட்டில் ஸ்வரம் எழுதும் மேற்கத்திய முறை, கற்றுக்கொள்வது நல்லது, தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கட்டாயம். கிட்டாருக்கு எழுதப்படும் ஸ்வரம் ஒலிப்பதைவிட ஒரு ஸ்தாயி மேலே எழுதப்படுகிறது என்பதை மட்டும் ஆரம்பத்திலேயே நினைவில் வையுங்கள். டேப் எழுத்து எந்த ஃப்ரெட் என்று சொல்லும், எந்த ஸ்வரம் என்று சொல்லாது. டேப் பார்த்துக் கற்ற ஒவ்வொரு வரியின் அடியிலும் பென்சிலால் ச ரி க ம எழுதச் சொல்லுவேன்.

கேட்டுப் பிடிப்பது

இவ்வளவையும் ஒரு பாட்டில் சேர்த்துப் பயன்படுத்தும் முறையைச் சொல்லிவிடுகிறேன். பாட்டை இரண்டு முறை முழுதாகக் கேளுங்கள், கிட்டாரைத் தொடாதீர்கள். பல்லவி முடியும் இடத்தில் குரல் எந்த ஸ்வரத்தில் அமர்கிறது என்று முனகிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே ச. முனகியபடியே ஆறாம் தந்தியிலோ ஐந்தாம் தந்தியிலோ அதைத் தேடுங்கள். கிடைத்த ஃப்ரெட்டைக் கட்டைக் கணக்கில் சொல்லுங்கள், சுருதி தெரிந்துவிட்டது. அங்கிருந்து நான்கு ஃப்ரெட் மேலே உள்ள க பாட்டோடு ஒட்டுகிறதா, மூன்று ஃப்ரெட் மேலே உள்ள க ஒட்டுகிறதா என்று மீட்டிப் பாருங்கள். மேஜரா மைனரா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

அதன்பின் மெட்டை ஒரே தந்தியில் வாசியுங்கள். ஸ்கேலில் இல்லாத ஸ்வரம் வந்தால் அதைத் தவறு என்று தள்ளிவிடாமல் தனியாகக் குறித்துவையுங்கள். பாஷாங்க ராகத்தில் அந்நிய ஸ்வரம் வருவதுபோல் மெல்லிசையிலும் வரும், அந்த இடத்தில் பெரும்பாலும் கார்டும் ஸ்கேலுக்கு வெளியே போயிருக்கும்.

கார்ட் தேடும்போது ஒவ்வொரு அடியின் முதல் தட்டில் வரும் ஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த ஸ்வரமானாலும் ஸ்கேலுக்குள் மூன்று கார்டில் மட்டுமே இருக்க முடியும். ச என்றால் ச க ப, ம த ச, த ச க. சி ஸ்கேலில் அவை சி, எஃப், ஏ மைனர். ப என்றால் சி, ஈ மைனர், ஜி. மூன்றையும் அந்த இடத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாருங்கள். ஒன்று உடனே விலகிவிடும். மிச்சம் இரண்டும் பொருந்துவதுபோல் பட்டால், ஒலிப்பதிவில் பாஸ் கிட்டார் அந்தத் தட்டில் எந்த ஸ்வரத்தைத் தொடுகிறது என்று காதை அங்கே வைத்துக் கேளுங்கள். பாஸ் தொடும் ஸ்வரத்தில் தொடங்கும் கார்டை முதலில் பிடித்துப் பாருங்கள்.